சிலுவை கீறிய மதில்

மன்னார் ரவுணில் கழுதைகளுக்கு அடுத்தபடியாக அதிகம் நடக்கிறவள் அன்ரோனெற்தான். கழுதைகளாவது வெயில் ஏறினால் ஒரு நிழல் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும். அவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கோட்டைக்கு முன்னால் வெளியூர்ச் சனத்தைச் சேர்த்தெடுத்து, ஒன்பது மதில்களில் உள்ள ஒன்பது ஓவியங்களையும் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லி, பதினொன்றுக்குச் சந்தையடியில் கொண்டுபோய் விடவேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் மறுபடி அதே நடை.

சண்டை முடிந்து ஏழாம் வருடம் ஊருக்குள் ஒரு நிறுவனம் வந்தது. சனங்கள் வீடு கேட்டார்கள், வள்ளம் கேட்டார்கள், கிணறு கேட்டார்கள். நிறுவனம் மதில்களில் படம் கீறித் தந்தது. குறை சொல்லக்கூடாது, படங்கள் வடிவுதான். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த பெடியளும் பெட்டையளும் ஏணி வைத்து, வெயிலில் கறுத்து, மூன்று கிழமையில் கீறி முடித்தார்கள். பெருக்கமரம் ஒன்று, கருவாடு காயப்போடும் கைகள், கழுதையும் குட்டியும், பாலத்தில் வரும் பஸ் என்று ஒவ்வொரு மதிலுக்கும் ஒவ்வொன்று. அவற்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. ஓலைத்தொடுவாயிலிருந்து தினமும் பஸ்சில் வந்து ஒரு புடவைக்கடையில் வேலை செய்துகொண்டிருந்த அன்ரோனெற்றுக்கு அந்த வேலை கிடைத்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவளுக்கு வாயும் இருந்தது, ஒரு கதையும் இருந்தது.

அந்தக் கதை ஆறாவது மதிலுக்குரியது.

உப்புக்குளத்துப் பக்கம், வண்டி போகமுடியாத ஒரு முடக்கு ஒழுங்கையில் அந்த மதில் இருக்கிறது. நடுவில் ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய அளவுக்கு வேறு கல் வைத்து அடைத்துப் பூசிய ஒட்டு. ஓவியர்கள் அந்த ஒட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, அதற்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான பூநாரைகள் பறந்து வருவதாக மதில் முழுவதும் கீறியிருந்தார்கள். ஒட்டின் பூச்சில், சீமெந்து காய்வதற்கு முன் விரலால் கீறிய ஒரு சிறிய சிலுவை.

"இது ஷெல் விழுந்த ஓட்டை," என்று அன்ரோனெற் அங்கே குரலைத் தாழ்த்துவாள். "எங்கட ஊரிலயிருந்து ஓடிவந்து இந்த வீட்டிலதான் நாங்கள் ஆறு வருஷம் இருந்தனாங்கள். எனக்கு அப்ப ஏழு வயசு. என்ரை அப்பா கிறகரி தன்ர கையால கல்லுக் காவி இதை அடைச்சவர். அடைச்சுப்போட்டு, இனி இந்த வழியால சாவு உள்ள வரக்கூடாது எண்டு சொல்லி இந்தச் சிலுவையைக் கீறினவர். தொட்டுப் பாருங்கோ."

எல்லோரும் தொடுவார்கள். சிலர் அழுவார்கள். முதல் ஆறு மாதமும் அவளும் சேர்ந்துதான் அழுதாள். பிறகு பழகிவிட்டது. எந்தச் சொல்லில் குரல் உடைய வேண்டும் என்பது கூட அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

ஆனால் அவள் சொன்னது நடிப்பல்ல. பிறகு குடும்பத்தோடு வள்ளமேறி அக்கரைக்குப் போன கிறகரி, அங்கே மண்டபம் என்ற ஊரின் அகதி முகாமில் காய்ச்சல் வந்து செத்தவர். கல்லறை கடலுக்கு அந்தப் பக்கம். திரும்பி வரும்போது போட்டோக்கள் இருந்த பொதி வள்ளத்தில் நனைந்து கூழாகிப்போனது. தகப்பன் இந்த மண்ணில் இருந்ததற்கு அந்த விரல் கோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. நவம்பர் இரண்டாம் திகதி, மரித்தோர் நாளில், ஊரெல்லாம் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்த, அன்ரோனெற்றும் தாய் லூசியாவும் இந்த ஒழுங்கைக்கு வந்து மதிலடியில் ஒரு திரி கொளுத்திவிட்டுப் போவார்கள்.

இதில் ஒரு பிசகு இருந்தது. அந்த வீடு அவர்களுடையதல்ல. தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபரில் இயக்கம் போகச் சொல்லி, உடுத்த உடுப்போடு கடலேறி, புத்தளத்துக்குப் போன முஸ்லிம் குடும்பம் ஒன்றின் வீடு அது. படம் கீற வந்தபோது நிறுவனம், மதிலுக்குரிய ஆள் கையெழுத்து வைத்தால்தான் கீறலாம், வைத்தால் ஐந்து வருடத்துக்கு மதிலில் கைவைக்கக்கூடாது என்று ஒரு கடுதாசியை நீட்டியது. வீடு கூரையில்லாமல் பாழாய்க் கிடந்தது. "அவை இனி எங்க வரப்போகினம்," என்று அன்ரோனெற் 'உரிமையாளர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தாள். அப்பாவின் சிலுவையை நாலு பேர் பார்க்கப் போகிறார்கள் என்ற சந்தோசம் அப்போது அவள் கண்ணை மறைத்துவிட்டது.

அவர்கள் வந்தார்கள். நாலு மாதத்துக்கு முன் கூரைக்குத் தகரம் ஏறியது, முற்றத்தில் உடுப்புக் காய்ந்தது. ஒரு நாளும் உள்ளே போய் "நான் இன்னார்" என்று சொல்ல அன்ரோனெற்றுக்குக் கால் எழவில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம்தானே. மதிலின் வெளிப்பக்கத்தோடு கதையை முடித்துக்கொண்டு, சனத்தை அவசரமாக ஏழாவது மதிலுக்கு ஓட்டிப்போனாள்.

ஒரு சனிக்கிழமை நடையில் எட்டுப் பேர் வந்தார்கள். அதில் நாற்பது வயது மதிக்கத்தக்க, கட்டம்போட்ட சேட்டுப் போட்ட ஒருவர் படங்களைப் பெரிதாகப் பார்க்கவில்லை. ஆறாவது மதிலில் மற்றவர்கள் சிலுவையைத் தொட, அவர் குந்தியிருந்து ஒட்டின் கீழேயிருந்த அடிக்கல்லைக் கையால் தடவினார். சந்தையடியில் எல்லோரும் கலைந்த பிறகும் அவர் நின்றார்.

"தங்கச்சி, என்ர பேர் நுஃமான். நீங்கள் காட்டின ஆறாவது மதில் எங்கட வீட்டு மதில். அதைப்பற்றி என்ன சொல்லுறீங்கள் எண்டு கேக்கத்தான் வந்தனான்."

"சொல்லுங்கோ நானா," என்றாள் அன்ரோனெற், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில்.

"நல்லாச் சொல்லுறீங்கள். எனக்கே கண் கலங்கினது. ஆனா அதில ஷெல் விழேல்லை."

"அப்பாதான் சொன்னவர்..."

"அவர் பொய் சொன்னார் எண்டு நான் சொல்லேல்லை. அது பொட்டு. எங்கட உம்மா போய் வாற வழி." அவர் அவசரப்படாமல் விளக்கினார். ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம், உம்மா ஹவ்வாவின் தங்கச்சி றகுமத்தும்மாவின் வீடு. முன்வாசல் கேற்றால் போவதென்றால் தெருவுக்கு இறங்கி, ஆண்கள் குந்தியிருக்கும் தேத்தண்ணிக் கடையைத் தாண்டி, மூலை சுற்றி வரவேண்டும். மதில் கட்டி முடித்த மறு மாதமே உம்மா அடம்பிடித்து, வாப்பாவைக் கொண்டு அந்த இடத்தை உடைப்பித்தாராம். நிலையும் இல்லை, கதவும் இல்லை. ஒரு சாக்குத்தான் தொங்கியது. "ஒரு நாளைக்கு இருபது தரம் போவா. கறிக்கு உப்புப் பார்க்கவும் போவா, சண்டை பிடிக்கவும் போவா. நாலு எட்டு வைச்சா தங்கச்சி வீட்டுக் குசினி."

"இப்ப?"

"புத்தளத்தில முகாமில இருக்கேக்க அடுத்தடுத்த கொட்டில். தும்மினாக் கேக்கும். இஞ்ச சொந்த வீட்டுக்கு வந்த பிறகு ரெண்டு பேரும் கிழமைக்கு ஒருக்காத்தான் காணுகினம். சாச்சிக்கு நடக்க ஏலாது, உம்மாவுக்குத் தெருவால போக ஒரு துணை வேணும். திரும்ப உடைக்கலாம் எண்டு படம் கீறின நிறுவனத்தின்ர கந்தோரில போய்க் கேட்டன். யோசேப் எண்டவர் ஏலாது எண்டுட்டார். மதிலின்ர சொந்தக்காரர் கையெழுத்து வச்சிருக்கினமாம். ஆர் எண்டு கேட்டன், சொல்லேல்லை." அவர் சிரித்தார். "என்ர மதிலுக்கு என்னைவிடச் சொந்தக்காரர் ஆர் தங்கச்சி?"

அவருக்குத் தெரிந்துதான் கேட்டாரா, தெரியாமல்தான் கேட்டாரா என்பது அன்ரோனெற்றுக்கு இன்றுவரை விளங்கவில்லை. பஸ் வருகிறது என்று சாட்டுச் சொல்லிவிட்டு ஓடினாள். பஸ் வர இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது.

பின்னேரம் லூசியா வாசலில் குந்தியிருந்து சூடைமீனுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அன்ரோனெற் பக்கத்தில் போய் இருந்தாள்.

"அம்மா, ரவுண் வீட்டு மதிலில இருந்த ஓட்டை ஷெல்லாலயோ வந்தது?"

லூசியா கை வேலையை நிறுத்தவில்லை. "உன்ர கொப்பர் அப்பிடித்தான் சொன்னவர். எங்கட ஊரில ஷெல் விழுந்த வீடெல்லாம் அப்பிடித்தானே பிஞ்சு கிடந்தது. அவருக்கு ஓட்டை எண்டா ஷெல்தான்."

"நீங்கள் என்ன நினைச்சனீங்கள்?"

"நானோ?" லூசியா ஒரு மீனின் தலையைக் கிள்ளி எறிந்தாள். காகமொன்று இறங்கிக் கவ்விப் போனது. "கீழ்க்கல்லு தேஞ்சு வழுவழு எண்டு கிடந்தது பிள்ளை. ஷெல் விழுந்த கல்லு வழுவழு எண்டோ கிடக்கும்? காலடி பட்டுப் பட்டுத் தேஞ்ச கல்லு. ஆரோ ஒரு பொம்பிளை போய் வந்த வழி எண்டு எனக்கு முதல் நாளே விளங்கினது."

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"சொல்லி? அவை போயிட்டினம். நாங்கள் அவையின்ர அடுப்பில சோறு காய்ச்சினம். அதையெல்லாம் கதைக்க வெளிக்கிட்டா அந்தச் சோறு இறங்குமோ? கொப்பர் அடைக்கிறன் எண்டார், அடையுங்கோ எண்டன்." அவள் கையைக் கழுவிவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். "வந்திட்டினமோ?"

"ஓம்."

லூசியா எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று இரண்டு பேரும் மீனைத் தொடவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் அன்ரோனெற் தனக்குள் வழக்காடினாள். பேசாமல் இருந்தால் இன்னும் மூன்றரை வருடத்துக்கு அப்பாவின் சிலுவை இருக்கும், வேலையும் இருக்கும், கதையும் இருக்கும். சொன்னால் மூன்றும் போகும். நாலு எட்டு வைக்கிற வழிக்கு ஒரு மனிசி தெருச் சுற்றிப் போனால் என்ன, செத்தா போய்விடுவார் என்றும் ஒரு தரம் நினைத்தாள். நினைத்த உடனே தன்மீதே அருவருப்பு வந்தது. இருபத்தேழு வருடம் அகதியாய் இருந்தவர்களைப் பற்றி, தானும் அகதியாய் இருந்துகொண்டு இப்படி நினைக்க எப்படி முடிந்தது என்று வெட்கப்பட்டாள்.

அடுத்த சனிக்கிழமை யோசேப் தானே நடைக்கு வந்தார். நிறுவனத்துக்கு உதவி செய்யும் வெள்ளைக்காரர் நாலு பேரைக் கூட்டிவந்திருந்தார். அன்ரோனெற் தமிழில் சொல்வாள், அவர் மொழிபெயர்ப்பார். ஐந்து மதிலும் தடங்கலில்லாமல் போயிற்று. கழுதை மதிலின் முன்னால் ஒரு உண்மைக் கழுதையும் வந்து நின்றதில் வெள்ளைக்காரருக்குப் பெரிய சந்தோசம்.

ஆறாவது மதிலடிக்கு வந்தபோது, ஒழுங்கை முகப்பில் ஒரு வயதான பெண் குடை பிடித்தபடி மெதுவாக வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நுஃமான். சனத்தைக் கண்டதும் அவர் சுவரோடு ஒதுங்கி முந்தானையை இழுத்துவிட்டு நின்றார். ஹவ்வா உம்மா அவர்தான் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. தன் மதிலைத் தாண்டி, தன் தங்கச்சி வீட்டுக்குப் போக, முன்பின் தெரியாத ஆட்கள் விலகும்வரை காத்து நின்றார்.

யோசேப் தலையசைத்தார். "சொல்லும் பிள்ளை."

"இதில ஷெல் விழேல்லை," என்றாள் அன்ரோனெற்.

யோசேப் மொழிபெயர்க்க வாயைத் திறந்து, அப்படியே நின்றார்.

"இது இந்த வீட்டுப் பொம்பிளையள் எதிர்வீட்டுக்குப் போய் வந்த வழி. என்ரை அப்பாவுக்கு அது தெரியாது. ஷெல் எண்டு நினைச்சு அடைச்சிட்டார். நான் ஒண்டரை வருஷமாய் இதைக் காயம் எண்டு சொல்லி எல்லாரையும் அழவைச்சிருக்கிறன். அது பிழை. இன்னொண்டும் சொல்லவேணும் சேர். அந்தக் கடுதாசியில கையெழுத்து வச்சது நான்தான். இந்த வீடு என்ரை இல்லை. இவையின்ர." குரல் உடைந்தது. இந்த முறை அது அவள் வைத்த இடத்தில் உடையவில்லை.

வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி யோசேப்பின் முகத்தைப் பார்த்தாள். யோசேப் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம் சொன்னார். அவ்வளவு நீளப் பேச்சு எப்படி அவ்வளவு சின்னதாயிற்று என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். வெள்ளைக்காரர் உருக்கமாகத் தலையாட்டிவிட்டு, வரிசையாகப் போய்ச் சிலுவையைத் தொட்டார்கள்.

திங்கட்கிழமை கந்தோரில் யோசேப் அவளைக் கதிரையில் இருக்கச் சொல்லாமலே ஏசினார். கடைசியில், செல்லாத கையெழுத்தை வைத்துக்கொண்டு மதிலுக்கு உரிமை கொண்டாட ஏலாது என்று அவரே ஒத்துக்கொண்டார். இனி நடை எட்டு மதிலோடு முடியும், அந்த எட்டுக்கும் வேறு ஆள் தேவையா என்று அடுத்த மாதம் யோசிப்பம் என்றார்.

புதன்கிழமை காலை நுஃமான் முருங்கன் பக்கத்து மேசன் இரத்தினத்தைக் கூட்டிவந்தார். அன்ரோனெற்றும் போனாள். சிலுவை இருக்கும் துண்டை மட்டும் உடையாமல் வெட்டித் தரும்படி கேட்கத்தான் போனாள். இரத்தினம் உளியின் முனையால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். பொல பொல என்று கொட்டியது.

"கடல்மண் போட்டுப் பூசியிருக்கு பிள்ளை. அந்த நேரம் ஆத்துமண்ணுக்கு எங்க போறது? இது துண்டாய் வராது. தொட்டாப் பொடியாகிடும்."

"சரி, உடையுங்கோ," என்றாள் அன்ரோனெற்.

இரத்தினம் கல் பெயர்க்கிற அலவாங்கை எடுக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "கல்லெல்லாம் நான் எடுக்கிறன். ஆனா சிலுவையில நான் அடிக்கமாட்டன். நான் திருக்கேதீஸ்வரத்துக்கு விரதம் பிடிக்கிறவன். சைவக்காரன் சிலுவையை உடைச்சான் எண்டு ஒருத்தன் போன்ல படம் எடுத்துப் போட்டான் எண்டா, பிறகு நான் இந்தப் பாலம் தாண்டி வேலைக்கு வரேலாது."

அவர் அலவாங்கை நுஃமானிடம் நீட்டினார். நுஃமான் இரண்டடி பின்னால் போனார்.

"நானோ? நல்ல கதை! வந்து நாலு மாசம். முஸ்லிம் ஆள் சிலுவையை உடைச்சான் எண்டு மத்தியானத்துக்குள்ள கதை பேசாலை வரைக்கும் போயிடும். உம்மாவைத் திரும்பப் புத்தளத்துக்கு ஏத்தவேண்டியதுதான்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரியும். சண்டை முடிந்த ஊர்தான், ஆனாலும் ஒரு சிலுவைக்கும் ஒரு சூலத்துக்கும் ஒரு பிறைக்கும் எவ்வளவு தூரம் விலகி நடக்கவேண்டும் என்பதை அளந்து வைத்துத்தான் சனங்கள் நடந்தார்கள். மதிலுக்குரியவர் உடைக்கச் சம்மதம், கந்தோர் சம்மதம், மேசனும் ஆயுதமும் தயார். குறுக்கே நின்றது கிறகரியின் விரலால் கீறிய ஒரு சாண் சிலுவை மட்டுந்தான். இரண்டு ஆண்களும் மண்ணைப் பார்த்தார்கள். பிறகு, ஒருவரும் கேட்காமலே, அன்ரோனெற்றைப் பார்த்தார்கள்.

அவள்தான் வேதக்காரி. அவள்தான் மகள். அவள் அடித்தால் ஒரு வாயும் திறக்காது.

அலவாங்கு நினைத்ததைவிடப் பாரமாய் இருந்தது. மதிலுக்கு முன்னால் போய் நின்று முதலில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். பிறகு அந்தக் கோட்டில் விரலை வைத்தாள். ஆயிரம் பேருக்குத் தொடக் கொடுத்தவள், தான் தொட்டு வெகு நாளாகியிருந்தது. அப்பாவின் விரல் அவளுடையதைவிடத் தடிப்பு. கோட்டுக்குள் அவள் விரல் தளர்வாய் இருந்தது.

"அப்பா, நீங்கள் தெரியாமல் செய்தனீங்கள். நான் தெரிஞ்சு செய்யிறன். குறை நினையாதேங்கோ," என்று வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் ஆட்கள் நின்றது அவளுக்குக் கவலையாக இல்லை.

முதல் அடி சிலுவைக்குப் பக்கத்தில் விழுந்தது. இரண்டாவது அடி நடுவில் விழுந்தது. பூச்சு முழுதாய்ச் சரிந்து அவள் காலடியில் கொட்டியது. குனிந்து பார்த்தாள். எது சிலுவை, எது வெறும் மண் என்று பிரிக்க முடியவில்லை. அவள் அழுதாள். நடை போகும்போது அழுத அழுகை அல்ல அது, மூக்கு வடிய, சத்தம் போட்டு அழுத அழுகை.

மிச்சக் கல்லை இரத்தினம் அரை மணித்தியாலத்தில் எடுத்துவிட்டார். பூநாரைகளுக்கு நடுவே வீட்டு முற்றம் தெரிந்தது. முற்றத்தில் ஹவ்வா உம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சின்னக் கோப்பையில் ஏதோ கறி, மேலே தட்டொன்று மூடியிருந்தது. அடி விழத் தொடங்கியபோதே போட்டு எடுத்திருப்பார்.

ஆண்கள் இருவரும் சொல்லாமலே ஒழுங்கை முகப்புக்கு நடந்துபோய் முதுகு காட்டி நின்றார்கள். ஹவ்வா உம்மா தேய்ந்த கல்லில் கால் வைத்து, தலையைக் குனிந்து வெளியே வந்தார். தூசி படிந்து நின்ற அன்ரோனெற்றை ஒரு கணம் பார்த்தார். "அழாத மகள்," என்றார். "கை நோகுதா?" கேட்டாரே தவிரப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கறி ஆறிவிடும். நாலு எட்டில் ஒழுங்கையைக் கடந்து எதிர்வீட்டுக் குசினி வாசலுக்குப் போனார்.

உள்ளேயிருந்து றகுமத்தும்மாவின் குரல் திடுக்கிட்டுக் கேட்டது. "ஆரது, குசினிப் பக்கத்தால வாறது?"

"வேற ஆரடி வாறது குசினிப் பக்கத்தால?" என்றார் ஹவ்வா உம்மா.

அன்ரோனெற் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலடியில் கிடந்த மண்ணைக் கூட்டி அள்ளத் தொடங்கினாள்.